கல்மேல் நிற்கிற ஜீப்

நெல்லிமேடு,
ஜவ்வாது மலை.
12-11-1986

என் வீட்டுக்காரருக்கு அம்சவல்லி எழுதிக்கொண்டது.

இங்கே யாவரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் எட்டாம் வகுப்பு வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி எழுத கை வரவில்லை. அத்தைக்கு முழங்கால் வீங்கிக்கிடக்கிறது. எனக்கு உடம்பு தேறிவிட்டது, மனசைப் பற்றிக் கேட்காதீர்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்கு நிஜமாகவே தெரிய வேண்டும்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்காதீர்கள். நம்ம சின்னராசு மாடு வாங்க ஓசூர் பக்கம் வந்தவன் உங்களைப் பார்த்திருக்கிறான். கல் லாரி ஓட்டுகிறீர்களாம், தாடி வளர்த்திருக்கிறீர்களாம், அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்களாம். போளூருக்குப் போய் டியூப் வாங்கி வருகிறேன் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் நீங்கள். ஓசூரில்தான் டியூப் விற்கிறதா மாமா? ஏழு வாரமாகவா ஒருத்தர் டியூப் வாங்குவார்?

சரி, வண்டிச் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஜூலை மாதம் கட்ட வேண்டிய ரோடு வரி கட்டவில்லை என்று உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. தபால்காரர் அதை என் கையில் கொடுத்துவிட்டு, 'இன்னாம்மா, வண்டிய இட்டுனு போய்டுவாங்களா?' என்று என்னையே கேட்கிறார். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் ஜப்தி என்று போட்டிருக்கிறது. உங்கள் ஏழு வருஷத்து உழைப்பு அந்த ஜீப். காட்டு இலாகா ஏலத்தில் ஓட்டை உடைசலாக எடுத்து, நீங்களே பழுது பார்த்து, நீங்களே ஓட்டிய வண்டி. யாரிடமும் கூலிக்குப் போகாமல் நிமிர்ந்து நின்றது அதனால்தான்.

நோட்டீஸை அத்தையிடம் காட்டவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறி, போளூரில் மாறி, வேலூருக்குப் போனேன். உங்கள் அண்ணன் அர்ச்சுனன் துணைக்கு வருகிறேன் என்றார். சாமை அறுப்பை விட்டுவிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆபீஸில் வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். உங்கள் பெயரை நான் என்றைக்கு வாயால் சொன்னேன்? ஆர்.சி. புத்தகத்தை நீட்டினேன். குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'லட்சுமணனா?' என்றார். தலையை ஆட்டினேன். அவர் சிரித்தார். வயசானவர், நல்ல மனுஷர்.

அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள், என் வீட்டுக்காரரும் கட்டிக்கொண்டார், காப்புக் கட்டினவர் ஒன்பது நாள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஊருக்கே ஆகாது, அதில் கெடு தாண்டிவிட்டது என்றேன். 'சரிம்மா, ஒம்போது நாள் ஆச்சு. பத்தாவது நாள் இன்னா பண்ணாரு?' என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

பத்தாவது நாள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நமக்குத் தெரியும். போளூர் ரோட்டில் வரி கட்டாத ஒரு ஜீப்பைப் பிடித்துவிட்டார்கள், டிரைவரையும் உள்ளே வைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தீர்கள். அன்றைக்கே ஜீப்பைக் கல்மேல் ஏற்றிப் பின்சக்கரம் இரண்டையும் கழற்றினீர்கள். ஒன்றைக் கழற்றினால் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டிவிடுவீர்கள் என்று உங்களுக்கே தெரியும், அதனால் இரண்டு. நம்ம மலையில் உடம்பு சரியில்லை என்று ஒருவர் வந்து நின்றால் வண்டி இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னால் அவர்கள் வீட்டில் அப்புறம் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க முடியாது. 'சக்கரமே இல்லாத வண்டிய யாரும் கேக்க மாட்டாங்க, நானும் இல்லன்னு சொன்ன பாவத்துல மாட்ட மாட்டேன்' என்று எனக்கே விளக்கம் சொன்னீர்கள். சக்கரங்களை ஓடைக்கு அந்தப் பக்கம் அண்ணன் கொல்லைக் குடிசைவரை உருட்டிக்கொண்டுபோய்ப் போட்டுப் பூட்டி, சாவியை அண்ணனிடமே கொடுத்தீர்கள். எனக்கு அப்போது ஏழு மாதம்.

குமாஸ்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'கெடு தாண்டறது உலகத்துல நடக்காததா? காப்ப அவுத்துட்டு நேரா இங்க வந்து நின்னிருந்தா கொஞ்சம் அபராதத்தோட அன்னிக்கே முடிஞ்சிருக்கும். கையில மொத்தமா இல்லன்னா ரெண்டு தவணையா கட்டறேன்னு எழுதிக் கேக்கலாம். வண்டி ஓடலன்னா ஓடலன்னு முன்னாடியே ஒரு காயிதம் போடலாம். வூட்ல ஒளிச்சு வெச்சா இன்னாம்மா ஆவும்? அபராதம்தான் ஏறும்.' அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். வெளியே வந்து அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதேன் மாமா. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். ஒரு பஸ் டிக்கெட்டும் அரைப் பக்கக் காகிதமும் போதுமாக இருந்திருக்கிறது.

நடந்ததை நான் எழுதித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் நீங்களும் நானும் ஒரு தடவைகூட அதைப் பேசவே இல்லை. செப்டம்பர் பதினேழாம் தேதி, புதன்கிழமை. மத்தியானம் எனக்கு வலி கண்டது. நீங்கள் சக்கரத்துக்கு ஓடினீர்கள். அண்ணன் செங்கம் சந்தைக்குப் போயிருந்தார், சாவி அவர் மடியில். கல்லால் பூட்டை உடைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஓடையைத் தாண்டி நீங்கள் உருட்டி வருவதற்குள் இங்கே பிரசவம் பார்க்க வந்த மாதம்மாள் அக்கா என் கண்ணைப் பார்த்து பயந்துவிட்டார். 'இனிமே காத்துனு இருந்தா ஆவாது' என்று டோலி கட்டச் சொன்னார். ஒற்றையடிப் பாதையில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ரோட்டைச் சுற்றி அடிவாரத்துக்கு வந்தீர்கள். அதற்குள் பாதி வழியிலேயே அவள் பிறந்துவிட்டாள். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அழவே இல்லை. கீழே நீங்கள் விடாமல் ஹாரன் அடித்தது மேலே எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அங்கிருந்து என்னை ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் ஓட்டிக்கொண்டு போனீர்கள். வழியில் ஒரு ஆளும் மறிக்கவில்லை. வரிச் சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. என்னை எட்டாம் நாள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஜீப்பைப் பழையபடி கல்மேல் ஏற்றினீர்கள், மறுநாள் போய்விட்டீர்கள்.

கோபமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அத்தை காதில் விழும்படியாகவே திட்டினேன். இப்போது வந்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறேன். குமாஸ்தா கொடுத்த மனுவை இதோடு வைத்திருக்கிறேன், கட்ட வேண்டிய தொகை அதில் இருக்கிறது, சொந்தக்காரர் கையெழுத்து வேண்டுமாம். நேரில் வந்தால் ஒரே நாளில் முடியும் என்கிறார் குமாஸ்தா. டிசம்பர் பத்துக்குள் வாருங்கள். வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அம்சவல்லி


நெல்லிமேடு,
ஜவ்வாது மலை.
4-1-1987

மாமாவுக்கு அம்சவல்லி வணக்கமாக எழுதுவது.

நீங்கள் அனுப்பிய ரிஜிஸ்டர் தபாலும் மணியார்டரும் டிசம்பர் நாலாம் தேதி வந்து சேர்ந்தன. மனுவில் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். பணமும் சரியாக இருந்தது, பஸ் செலவுக்குக்கூடச் சேர்த்து அனுப்பியிருந்தீர்கள். மணியார்டர் தாளில் செய்தி எழுத சர்க்கார் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறது. அதை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்து இல்லை. தபால்காரர் முன்னால் எனக்கு அவமானமாகப் போய்விட்டது, உள்ளே படித்துக்கொள்கிறேன் என்று வாங்கிவைத்தேன்.

உங்கள் வண்டிக்காகத்தான் வாருங்கள் என்று எழுதினேன் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என் மேலும் தப்பு இருக்கிறது, வரி, நோட்டீஸ், தேதி என்றே எழுதிக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால்தான் நீங்கள் வருவீர்கள் என்று கணக்குப் போட்டேன். கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

எட்டாம் தேதி வேலூர் போய் அபராதத்தோடு கட்டிவிட்டேன். காலையில் போனவள் மத்தியானச் சோற்று வேளைக்குள் வெளியே வந்துவிட்டேன். அதே குமாஸ்தாதான் இருந்தார். 'அவரு வரலியா?' என்றார். வேலை ஜாஸ்தி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே கேட்கவில்லை, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி அவரே மடித்துக் கொடுத்தார். வரி வில்லையைக் கண்ணாடியில் நான்தான் மாட்டினேன். கோணலாகத்தான் இருக்கிறது, வந்து திட்டிக்கொள்ளுங்கள்.

அண்ணனும் சின்னராசுவும் சக்கரம் மாட்டி ஜீப்பைக் கல்லிலிருந்து இறக்கினார்கள். சாவி மடியில் இருந்ததே என்று உங்கள் அண்ணனுக்கும் ஒரு குறை. சந்தைக்குப் போகாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார், பாதியில் எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். அத்தைக்கும் ஒரு குறை, காப்பு கட்டிக்கொள்ளச் சொன்னது நான்தானே என்று. இந்த வீட்டில் ஆளுக்கொரு குறையை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். உங்களிடம் மட்டும்தான் குறை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சின்னராசுவுக்கு லைசென்ஸ் இருக்கிறது, அதனால் அவசரத்துக்கு அவனை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். கியர் போடுகிறபோது வண்டி கத்துகிறது, நீங்கள் கேட்டால் அவனை உதைப்பீர்கள். புளி உலுக்குகிற காலம் வருகிறது, மூட்டை இறக்க இப்போதே மூன்று பேர் சொல்லிவைத்திருக்கிறார்கள். எப்போது லட்சுமணன் வருவான் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒருத்தரும் கோபமாகக் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பச்சையம்மா அக்காவின் மருமகளுக்கு வலி கண்டது. பெண் பத்தொன்பது வயசு, தலைச்சன். பச்சையம்மா அக்கா வாசலில் வந்து நின்றார், என்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சின்னராசுவைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். அந்தப் பெண் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்டேன். 'இப்பத்தாங்க்கா. மொத வலியிலயே மாமியார கூப்ட்டுட்டேன், எனுக்கு பயமா இருந்துச்சு' என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்று மணி நேரத்தில் ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பச்சையம்மா அக்கா பிள்ளையை என் கையில் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று தயங்கினார். நானே வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் பெண் சொன்னதுதான் காதில் இருந்தது. முதல் வலியிலேயே கூப்பிட்டுவிட்டாளாம்.

மாமா, போன கடிதத்தில் மத்தியானம் எனக்கு வலி கண்டது என்று எழுதினேன். மாதம்மாள் அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன், ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். விடியும்போதே எனக்கு வலி வந்துவிட்டது. நீங்கள் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தீர்கள். போளூர் ரோட்டில் மறுபடியும் வண்டிகளைப் பிடிக்கிறார்களாம், நல்லவேளை சக்கரத்தைக் கழற்றிவைத்தேன் என்று சொல்லிக்கொண்டே குடித்தீர்கள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சொன்னால் நீங்கள் ஓடிப்போய்ச் சக்கரத்தை மாட்டுவீர்கள், என்னை ஏற்றிக்கொண்டு போவீர்கள், வழியில் பிடிப்பார்கள், உங்களை உள்ளே வைப்பார்கள். இதுதான் எனக்குத் தெரிந்தது. தலைச்சன் தானே, இரண்டு நாள் இழுக்கும் என்று மாதம்மாள் அக்கா முன்பு ஒரு நாள் சொல்லியிருந்தார். சாயங்காலம் செங்கம் சந்தையிலிருந்து அண்ணன் மாட்டு வண்டி வந்துவிடும், அதில் மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று நானாக ஒரு முடிவு செய்தேன். விடியலிலிருந்து மத்தியானம் வரைக்கும் உங்களுக்கு எதிரே நடமாடிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு தடவை, 'இன்னா அம்சா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?' என்று கேட்டீர்கள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றேன்.

அப்போதே சொல்லியிருந்தால் அண்ணன் ஊரில் இருந்தார். சாவி இருந்தது. சந்தைக்கு அவர் அப்போது கிளம்பியிருக்கவே இல்லை.

நீங்கள் பயந்த அதே காகிதத்துக்குத்தான் நானும் பயந்தேன். வண்டிச் சக்கரத்தை நீங்கள் ஒளித்தீர்கள், வலியை நான் ஒளித்தேன். யார் செய்தது பெரிசு என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் நீங்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனபோது, உங்களுடைய தப்பால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டு போகிறீர்கள் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள் என்று பயம். அந்தப் பயத்திலேயே ஒரு மாதம் உங்களைத் திட்டினேன். சத்தமாகத் திட்டினால் எனக்கே அது கேட்காது என்று திட்டினேன். என்னை மன்னித்துவிடுங்கள் என்று எழுத வருகிறது, அதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நீங்கள் ஆண்பிள்ளை, உங்களுக்கு லாரி இருந்தது, ஓசூர் இருந்தது, போய்விட்டீர்கள். நான் எங்கே போவேன்? தண்ணீருக்குப் போனாலும் அவள் பிறந்த அந்தப் பாதை, சுள்ளிக்குப் போனாலும் அந்தப் பாதை. இதைப் படித்துவிட்டு உங்களுக்கு என்மேல் ஆத்திரம் வந்தால் அது நியாயம்தான். அங்கே தனியாக இருந்துகொண்டு ஆத்திரப்படாதீர்கள். இங்கே வந்து, எனக்கு எதிரே உட்கார்ந்து ஆத்திரப்படுங்கள். நான் பதில் பேச மாட்டேன். என் வாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

பணம் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளைப் புதைத்த இடத்தில் மழைக்கு மண் இறங்கியிருந்தது, நானும் அத்தையும் போய் மண் போட்டு மேலே கல் பரப்பிவிட்டு வந்தோம். வருகிற வழியில் அத்தை, 'பேரு இல்லாம இருக்குதே புள்ள, எதுனா ஒண்ணு வெச்சு கூப்டலாமா?' என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அப்பா இருக்கிறார், வந்து வைக்கட்டும் என்றேன்.

நம்ம குலசாமி உங்களுக்கு வழித்துணையாக இருக்கட்டும். வாங்க மாமா.

இப்படிக்கு,
உங்கள் அம்சா